பாதி ஆறு

"நாடுங்கள்லாம் ஏம்மா சண்டை போட்டுக்குது?" என்று கேட்டபடியே மகள் வீட்டுப்பாடத்துக்காக நீலப் பென்சிலைச் சீவினாள். அந்த மரத்தூள் வாசனையோடு நான் வளர்ந்த மைசூர் மண்டி மொஹல்லா தெருவில் எரிந்த டயரின் நாற்றமும் எழுந்து வந்தது.

காவிரிக் கலவரம் நடந்த வருஷம் அது. கன்னடப் பள்ளியில் படித்த நான், கர்நாடக வரைபடத்தில் காவிரியை வரைந்து முன்னறைச் சுவரில் ஒட்டியிருந்தேன். மாநில எல்லையோடு ஆறு நின்றுவிடும். அதற்கப்பால் வெறும் காகிதம்.

"யாரும் தமிழ்ல வாயைத் திறக்காதீங்க" என்று அம்மா சொல்லும்போதே தமிழர்களைத் தேடி வந்த கூட்டம் கதவை உடைத்துவிட்டது. கம்பியோடு வந்தவன் அப்பாவைச் சட்டையோடு தூக்கினான். அப்போதுதான் அவன் கண்ணில் சுவரிலிருந்த கன்னட எழுத்துகளும் என் ஆறும் பட்டன.

"நம்மோரே, பிட்ரோ", நம்ம ஆளுங்கதான், விடுங்கடா என்று கூட்டத்தை வெளியே தள்ளிக்கொண்டு போனான்.

பக்கத்து வீட்டுக் கொத்தனார் முருகேசன் அண்ணன் வீட்டுச் சுவரில் படம் எதுவும் இல்லை. "அடிக்காதீங்க சாமி" என்று தமிழில்தான் கத்தினார். எலும்பில் கம்பி விழுந்த சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. அப்புறம் அவர் குரலே கேட்கவில்லை.

"முடிச்சுட்டேன்மா" என்று மகள் படத்தை நீட்டினாள். தமிழ்நாட்டு வரைபடம். அதில் காவிரி, எல்லைக்கோட்டில், எங்கிருந்தும் வராமலே பிறந்திருந்தது.