கோடித்துணியோடு வந்த பத்தொன்பது பேர்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் நிறைகிறது. வருஷத் திதிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடு என்று அப்பா சொன்னார். அண்ணனைப் பற்றி நல்லதாகத்தான் எழுதுவேன். என்னைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் அப்படி எழுத முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது பெரியநாயக்கன்பாளையத்தில். அப்பா அங்கே மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றிக் கொடுக்கும் வேலை. சுற்றிலும் கிணற்றுப் பாசனத் தோட்டங்கள் என்பதால் வேலைக்குக் குறைவில்லை. ஆனால் அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணனுக்கு அப்போது பதினைந்து வயது, எனக்குப் பத்து. பள்ளிக்கூடம் விட்டதும் அவர் நேராகப் பட்டறையில் வந்து உட்கார்ந்துவிடுவார். காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டதும் அவர்தான். கோணலாகத்தான் பின்னுவார். அதை அவிழ்க்காமல் அப்படியே பள்ளிக்கூடம் போவேன்.

பாலிடெக்னிக் படிக்கக் கோயமுத்தூர் போன இடத்தில் ராக் பாட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. விடுதி நண்பர் ஒருவர் கொடுத்த பழைய மரக் கிடாரை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். அது போதவில்லை, கரண்டில் ஓடும் கிடார் வேண்டும் என்றார். கடையில் வாங்க வசதி இல்லை. கிடாருக்குள் இருப்பதும் காந்தமும் காயிலும்தான், அதை நாமே சுற்றிவிடலாம் என்றார். தலைமுடி கனத்தில் கம்பி வாங்கி வந்தார். பட்டறையில் கையால் சுற்றும் மிஷினில் நான் கைப்பிடியைச் சுற்றினேன், அவர் கம்பியை விரலால் ஓட்டிவிட்டார். மூன்று தடவை நடுவில் அறுந்தது. ஒரு தடவை நான் தும்மியதில் அறுந்தது. திட்டவில்லை. "மொதல்ல இருந்து சுத்து கண்ணு" என்றார். நாலாவது தடவை முழுசாக வந்தது.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன் என்றால், அண்ணன் போன பிறகு அவருடைய ரசிகர்கள் எனக்கு எழுதிய கடிதங்களில் பாதிக்கு மேல் இந்தக் கதை இருக்கிறது. அண்ணா தனி ஆளாக, தன் கையாலேயே காயில் சுற்றிக் கிடார் செய்தாராம். படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைப்பிடி தானாகச் சுற்றியதா?

ஐந்து பேராகச் சேர்ந்து குழு அமைத்தார்கள். கல்லூரி விழாக்களிலும் ஊட்டி ஓட்டல்களிலும் இருபது வருஷம் வாசித்தார்கள். பகலில் பட்டறை, சனி ஞாயிறில் மேடை. கலியாணம் வேண்டாம் என்றுவிட்டார். நான் ஒரு கச்சேரிகூடப் பார்த்ததில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு அங்கென்ன வேலை என்று அப்பா விடவில்லை. பிறகு என்னைத் தாராபுரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வீட்டில் வாசிக்கும்போது அப்பா திட்டுவாரென்று ஆம்ப்ளிஃபயரை மாட்ட மாட்டார். கரண்டு இல்லாத அந்தக் கிடாரில் டிக் டிக் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

வருஷம் தவறாமல் பொங்கல் சீரோடு தாராபுரம் வருவார். ஒரு வருஷம் ஊட்டியில் கச்சேரி என்று நாலு நாள் தள்ளி வந்தார். கரும்பும் மஞ்சளும் வாடிப்போயிருந்தன. வாசலில் வாங்கி வைத்துவிட்டு ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை. ஊட்டிக்காரர்கள் மேல் இருந்த கோபத்தை அவர்மேல் காட்டினேன் என்று இப்போது தெரிகிறது.

போன வருஷம் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும் என்றதும் நான்தான் முதலில் கையை நீட்டினேன். "உங்க குரூப் வேறைங்க, சேராதுங்க" என்று நர்ஸ் சொல்லிவிட்டார். வெளியே திரும்பிப் பார்த்தால் வராந்தா முழுக்க ஆட்கள். நரைத்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், லேத் பட்டறையிலிருந்து கை கழுவாமல் ஓடி வந்தவர்கள். எல்லாரும் அண்ணனின் ரசிகர்கள். எல்லாரும் "அண்ணா எப்படி இருக்காருங்க?" என்று என்னையே கேட்டார்கள். என் அண்ணனை அவர்களும் அண்ணா என்றார்கள். அதில் மேட்டுப்பாளையம் காய்கறி மண்டியில் கணக்கு எழுதும் சிவராசு என்பவரின் ரத்தம் சேர்ந்தது. கூடப் பிறந்தவள் ரத்தம் சேரவில்லை, மண்டிக்காரர் ரத்தம் சேர்ந்தது. நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் எனக்கு வயிறு எரிந்தது. அந்த ரத்தத்தில் அண்ணன் இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தார்.

இனி எழுதப்போவதுதான் எழுதக் கஷ்டமானது.

இறந்தவருக்குக் கோடித்துணி போடுவது முறையுள்ள சொந்தங்கள் மட்டும் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அண்ணனுக்குக் கலியாணம் ஆகாததால் கட்டிக்கொடுத்த தங்கை வீட்டுக் கோடிதான் முதல் கோடி என்று பெரியவர்கள் சொன்னார்கள். எனக்கென்று அது ஒன்றாவது இருந்தது. என் வீட்டுக்காரர் கோடி போட்டு முடித்த நேரத்தில் சிவராசுவும் இன்னும் பதினெட்டுப் பேரும் வாசலில் வரிசையாக வந்து நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு புது வேட்டி. வெறும் மாலையோடு போகாதீர்கள், இந்தப் பக்கம் கோடி போட வேண்டும் என்று வழியில் டீக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வருகிற எல்லாருமே போட வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, ஜவுளிக்கடையில் ஒரே மாதிரி பத்தொன்பது வேட்டி எடுத்து வந்துவிட்டார்கள்.

பங்காளிப் பெரியப்பா முதலில் நின்றவரைக் கேட்டார். "ஏனுங் தம்பி, நீங்க என்ன மொறை வேணுமுங்க?"

"ரசிகருங்க."

"அதில்லீங்க தம்பி. மாமன் மச்சானுங்களா, பங்காளிங்களா?"

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்றவர்களுக்கும் தெரியவில்லை. சிவராசு மட்டும் மெதுவாக, "எங்களுக்கும் அண்ணனுங்க" என்றார்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். போட்டுவிட்டுப் போகட்டும் என்று நான் தலையை ஒரு தடவை அசைத்திருக்கலாம். அசைக்கவில்லை. "அவங்க யாரும் நமக்கு மொறை இல்லீங்க பெரியப்பா. துணிய எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றேன். எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். எடுத்து வந்த கோடியைத் திருப்பி அனுப்புவது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவர்கள் வேட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மயானம் வரைக்கும் கூட்டத்துக்குப் பின்னால் நடந்தார்கள்.

அதற்கப்புறம் ஆறேழு மாதம் கழித்து சிவராசு தாராபுரத்துக்கு வந்தார். எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டு, வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வந்தார். ஒரு பையில் ரசிகர்களின் கடிதங்கள், ஒரு கேசட். காபியைக் குடித்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்கக்கா, அந்தக் கோடிய என்னங்க பண்றது? செத்தவங்களுக்கு எடுத்த துணிய ஊட்டுல வெக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிப்போட்டாங்க. உசுரோட இருக்கறவங்க கட்டவும் கூடாதாமுங்க. மண்டியில பரண்மேல வெச்சிருக்கறேனுங்க. பத்தொம்பதும் அப்படியே இருக்குதுங்க."

நீங்கள் எங்களை அவமானப்படுத்திவிட்டீர்கள் என்று அவர் சண்டை போட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அவர் வழி கேட்டார். வருஷத் திதிப் படையலில் வைப்போம், எல்லாரும் கொண்டு வாருங்கள் என்றேன்.

பிறகு கேசட்டைப் போட்டார். கல்லூரி விழாவில் யாரோ பதிந்தது. ஒருவர் இங்கிலீஷில் ஏதோ சொல்கிறார், கூட்டம் கொல்லென்று சிரிக்கிறது. இது யார் என்று கேட்டேன். "அண்ணாதானுங்கக்கா" என்றார் சிவராசு. எனக்குக் குரல் அடையாளம் தெரியவில்லை. பட்டறையில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷர். அப்புறம் கிடார் வந்தது. அதை எனக்கு எழுதத் தெரியாது. அழுதேன். பாசத்தில் அழுகிறேன் என்று சிவராசு நினைத்திருப்பார். முக்கால்வாசி பொறாமை. இருபது வருஷம் இதை யார் யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"மேடையில என்னையப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருக்காருங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இல்லீங்கக்கா. உங்களை ஆஸ்பத்திரியிலதானுங்க மொதல்ல பாத்தோம்."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றுதான் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, தயங்கித் தயங்கி அவர் கேட்டார். "அண்ணா ஊட்டுல என்னங்க சாப்புடுவாரு? எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. மேடையில ரெண்டு மணி நேரம் பாக்கறதோட சரி. நீங்க கொடுத்து வெச்சவங்க."

அவருக்கு அன்று நான் பாதிதான் சொன்னேன். சொல்லச் சொல்ல என்னிடம் குறைந்துபோகிற மாதிரி இருந்தது. கடிதங்களிலும் எல்லாரும் அதைத்தான் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இப்போது எழுதிவிடுகிறேன். அண்ணனுக்கு அரிசிம்பருப்புச் சாதம் பிடிக்கும், நெய் கொஞ்சம் தாராளமாக வேண்டும். கத்தரிக்காயை ஒதுக்கி வைப்பார். தூங்கும்போது போர்வையால் முகத்தை மூடிக்கொள்வார். பல்லிக்குப் பயப்படுவார், அது சத்தியம். குளிக்கும்போது பாட மாட்டார், காயில் சுற்றும்போது முணுமுணுப்பார். என்ன பாட்டு என்று கேட்டால் நிறுத்திவிடுவார். யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. அந்தக் கிடாருக்குக் காயில் சுற்றியபோது கைப்பிடியைச் சுற்றியது நான். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அண்ணனைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும், பட்டறையை மூடாமல் நடத்திய வேலைக்காரர்களுக்கும், சாமான் செட்டு தூக்கி வந்து உதவிய அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ரத்தம் கொடுத்த சிவராசுவுக்கு ஒரு வருஷம் தாமதமாக என் நன்றி. இதைப் படிக்கும்போது அந்தப் பத்தொன்பது பேரும் பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். என்ன முறை என்று யாரும் அவர்களைக் கேட்க வேண்டாம். அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணன் என்னிடம் கடைசியாக என்ன பேசினார் என்று சொந்தக்காரர்களும் கேட்டார்கள், ரசிகர்களும் எழுதிக் கேட்டார்கள். அப்பாவுக்கே நான் சொல்லவில்லை. இந்த மலரிலும் எழுதவில்லை. அது எனக்கு வேண்டும்.