ஒருத்தி இருந்தாலும் கிளைதான்

அந்தப் பித்தளைத் தகட்டை நினைத்தாலே வெர்ன் ஸ்ட்ரூப்புக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கல்லூரித் தெருவில், மஞ்சள் வீட்டின் முன்வாசலில் பதித்திருக்கிறார்கள். மேலே, அங்கே இருக்கும் பெண்கள் சங்கத்தின் பெயராக மூன்று கிரேக்க எழுத்து. கீழே இரண்டே வரி: ‘1871இல் தொடங்கப்பட்டது. 1934இல் மறுபடியும் தொடங்கப்பட்டது.’ முதல் வரியோடு அவனுக்குச் சண்டை இல்லை. இரண்டாவது வரி பச்சைப் பொய். எழுதியவர்களுக்கும் அது தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.

வெர்ன் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இல்லினாய் சோளக்காட்டு நடுவில் கிடக்கும் அந்த ஊரில் பாய்லர் பழுது பார்ப்பவன். கல்லூரிப் பெண்களின் சகோதரிச் சங்கத்துக்கோ, மஞ்சள் வீட்டில் இருக்கும் அதன் கிளைக்கோ எத்தனை வயதானால் அவனுக்கென்ன? ஒன்றுமில்லை. அவனுக்கு வேண்டியவர் ஆர்டிஸ் ஹன்னிகட்.

ஆர்டிஸ் ரயில் பாதை ஓரத்தில் கோழிக்குஞ்சுப் பண்ணை நடத்தினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாருக்கும் தலை வணங்கியதுமில்லை. எச்சம் வாரும் மேல்கோட்டிலும் சங்கத்து பேட்ஜைக் குத்தியிருப்பார். குஞ்சு பொரிக்கும் பெட்டிகளின் சூடு அடிக்கடி தகராறு செய்யும். வெர்ன் போய்ச் சரிசெய்வான். வேலை அரைமணி, வாய்ச்சண்டை ஒரு மணி.

“ஏன்டா வெர்ன், போன வாரம் நீ தொட்டுட்டுப் போன பெட்டியில நாப்பது முட்டை கூழாப் போச்சு. நீ பாய்லர்காரனா, சமையல்காரனா?”

“முட்டையில உசிரு இருந்தாத்தானே ஆர்டிஸம்மா பொரியும்? உங்க சேவலுக்கு வயசாச்சு. அதைக் கேளுங்க.”

அப்படியொரு நாள்தான் அந்தக் குளிர்காலத்தைப் பற்றிச் சொன்னார். முப்பத்துமூன்றாம் வருஷம். சோளத்தை விற்பதைவிட அடுப்பில் போட்டு எரிப்பது லாபம் என்றிருந்த காலம். மஞ்சள் வீட்டில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பெட்டியைக் கட்டினார்கள். ஒருத்தியின் அப்பா நிலத்தை இழந்தார், இன்னொருத்தியின் அப்பாவுடைய வங்கி மூடிக்கொண்டது. கடைசியில் ஆர்டிஸ் மட்டும் மிஞ்சினார். சாவியைக் கொடுத்துவிடச் சொல்லி கல்லூரியிலிருந்து ஆள் வந்தது. கொடுக்கவில்லை. சமையலறையில் மட்டும் அடுப்பு மூட்டி, அங்கேயே படுத்து, அங்கேயே படித்தார். அந்தச் சூட்டை வீணாக்குவானேன் என்று ஒரு மரப்பெட்டியில் முட்டையும் வைத்தார். பண்ணை பிறந்தது அப்படித்தான்.

திங்கட்கிழமைதோறும் சங்கக் கூட்டம் நடக்க வேண்டும். வருகிறவள் முன்கதவை மூன்று முறை தட்டுவாள். உள்ளே இருப்பவள் “யாரது?” என்பாள். வெளியே இருப்பவள் அடையாளச் சொல்லைச் சொல்வாள். அப்புறம் பேர் கூப்பிடுவார்கள்.

“நீங்க ஒத்தை ஆளாச்சே, என்ன பண்ணீங்க?” என்றான் வெர்ன்.

“முன்னாடி நின்னு தட்டிட்டு, வீட்டைச் சுத்தி ஓடி, சமையல்கட்டு வழியா உள்ள போயி, யாரதுன்னு கேப்பேன். பதில் சொல்றதுக்கு மறுபடி வெளிய ஓடணும். முழங்கால் வரைக்கும் பனி.”

“உள்ள நின்னே எல்லாத்தையும் சொல்லியிருக்கலாமே? யாரு பாக்கப் போறாங்க?”

“அது ஏமாத்து வேலைடா.”

பேர் கூப்பிடும்போது போய்விட்ட எல்லாருடைய பேரையும் கூப்பிடுவாராம். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் காத்திருப்பாராம். கடைசியில் தன் பேர். “உள்ளேன்.” அடுத்த செப்டம்பரில் புதிதாக ஐந்து பெண்கள் வந்தார்கள். தன்னந்தனியாக நின்று ஐந்து பேருக்கும் உறுதிமொழி செய்துவைத்துச் சங்கத்தில் சேர்த்தார். மஞ்சள் வீடு மறுபடி நிறைந்தது.

இதெல்லாம் யாரும் தோண்டாமல் கிடந்தது, எண்பத்தொன்றாம் வருஷம் வரைக்கும். மஞ்சள் வீட்டுக் கிளையின் நூற்றுப்பத்தாம் ஆண்டு விருந்து வந்தது. இடையில் ஒரு நாளும் நிற்காமல் நடந்த கிளைகளிலே மூத்தது எது என்று சங்கத்தின் தலைமையகம் கணக்குப் பார்த்தது. மஞ்சள் வீடா, வேறொரு மாநிலத்துக் கிளையா என்று போட்டி. கூட்டமென்றால் இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்று விதி. அந்தக் குளிர்காலம் இடித்தது.

தலைமையகத்திலிருந்து திருமதி கோரின் விட்லா பண்ணைக்கே வந்தாள். வெர்ன் பெட்டிக்கடியில் படுத்துக்கொண்டு குழாய் மாற்றிக்கொண்டிருந்தான். அவனை அவள் கவனிக்கவில்லை.

“அக்கா, லோயிஸ்னு ஒருத்தி இருந்தாங்களாமே? படிப்பை விட்டுட்டு இதே ஊர்ல டெலிபோன் ஆபீஸ்ல வேலை பாத்தாங்களாம்?”

“ஆமா.”

“திங்கக்கிழமை அவங்களும் வந்து உக்காந்தாங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவங்க தவறிப் போயிட்டாங்க. யாரும் கேக்கப் போறதில்லை. பெருமை மஞ்சள் வீட்டுக்கே வந்துடும்.”

“லோயிஸை நான் கூப்பிட்டேன். அவ வரலை.”

“ஒரு வார்த்தைதானேக்கா...”

“நான் மட்டும்தான் இருந்தேன். ஒருத்தி இருந்தாலும் கிளைதான். அப்படி எழுதிக்கிட்டுப் போ. கால் பாத்து வை, குஞ்சை மிதிச்சிடாதே.”

அவள் போனதும் வெர்ன் வெளியே வந்தான். “சொல்லித் தொலைச்சிருக்கலாம். லோயிஸுக்கு என்ன நஷ்டம்?” என்றான். ஆர்டிஸ் கையில் இருந்த முட்டையை அவன் மேல் எறிந்தார். கூமுட்டை. சட்டையை இரண்டு தடவை துவைத்தும் வாடை போகவில்லை.

விருந்தன்று காலை தகட்டைப் பதிக்க வெர்னைத்தான் கூப்பிட்டார்கள். மஞ்சள் வீட்டு பாய்லர் அவன் பொறுப்பு. சில்லறை வேலையும் அவனுக்கே வரும். அட்டையைப் பிரித்தான். இரண்டாவது வரியைப் படித்தான். மறுபடி படித்தான். தகட்டைத் திண்டில் வைத்துவிட்டு, துளை போடும் மிஷினை வண்டியில் ஏற்றினான்.

“என்ன ஆச்சு?” என்றாள் விட்லா.

“எனக்குக் கை வரலை. வேற ஆளைப் பாருங்க.”

“இனிமே இந்த வீட்டுப் பக்கம் உங்களைக் கூப்பிட மாட்டோம்.”

“கூப்பிடாதீங்க. ஜனவரியில குளிர்றப்பவும் கூப்பிடாதீங்க.”

நேரே பண்ணைக்குப் போய்ச் சொன்னான். ஆர்டிஸ் முட்டைக்கூடையை இறக்கி வைத்தார். முகத்தைக் கழுவி, நல்ல உடையை உடுத்தி, “வண்டியை எடு” என்றார்.

விருந்துக்கூடத்தில் பன்றித்தொடைக் கறி பரிமாறி முடிந்திருந்தது. இனிப்புக்கு, மாவுக்குள் ஆப்பிளை வைத்துச் சுட்ட ஆப்பிள் பை வந்துகொண்டிருந்தது. வெர்ன் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தான். கிழவிகள் முதல் போன வருஷம் சேர்ந்தவர்கள் வரை, எல்லார் நெஞ்சிலும் பேட்ஜ். ஆர்டிஸ் நடுவில் போய் நின்றார்.

“முப்பத்துமூணுல இங்க கிளையே இல்லைன்னு தகடு அடிச்சிருக்கீங்க. சரி. அடுத்த வருஷம் அஞ்சு பொண்ணுங்களுக்கு உறுதிமொழி செஞ்சு வெச்சது யாரு? நான். கிளையே இல்லைன்னா எனக்கு ஏது அந்த அதிகாரம்? அப்ப அந்த அஞ்சு பேரும் செல்லாது. அவங்க சேத்தவங்களும் செல்லாது. வரிசையா வந்து இங்க உக்காந்திருக்கிற நீங்க அத்தனை பேரும் செல்லாது. கழட்டுங்க பேட்ஜை. இதுல போடுங்க.” ஒரு காலித் தட்டை எடுத்து முதல் மேஜையில் வைத்தார்.

ஒருத்தியும் கையை அசைக்கவில்லை.

“அக்கா, உக்காருங்க,” என்றாள் விட்லா. “உறுதிமொழி செல்லும். கூட்டம்தான் செல்லாது. ரெண்டும் வேற வேற.”

“கோழி செல்லாது, முட்டை மட்டும் செல்லுமா?”

பின்வரிசையில் சின்னப் பெண்கள் பக்கென்று சிரித்துவிட்டார்கள். யாரோ அவசரமாகச் சங்கப் பாட்டை எடுத்தாள். மற்றவர்களும் சத்தமாகச் சேர்ந்துகொண்டார்கள், ஆர்டிஸின் குரல் கேட்கக் கூடாதென்று. அவர் பாட்டு முடியும்வரை நின்றார். பிறகு விட்லாவுக்கு முன்னால் இருந்த முழு ஆப்பிள் பையைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். இரண்டு பேரும் வண்டியில் உட்கார்ந்து கையாலேயே பிய்த்துத் தின்றார்கள்.

“இலவங்கப்பட்டை ஜாஸ்தி,” என்றார். அவ்வளவுதான்.

தகட்டைப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் வந்து பதித்தான். மஞ்சள் வீட்டு வேலை வெர்னுக்குப் போனது போனதுதான். ஆர்டிஸ் ஒருநாளும் பேட்ஜைக் கழற்றவில்லை. திங்கட்கிழமைகளில் அதைக் குத்திக்கொண்டு கல்லூரித் தெருவில் நடப்பார். தகட்டுக்கு நேரே வந்ததும் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு போவார். உள்ளே இருக்கும் பெண்கள் திரையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள்.

எண்பத்தொன்பதாம் வருஷம் ஆர்டிஸுக்கு இருதயம் மக்கர் செய்தது. வெர்ன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூக்கில் குழாய். நோயாளி அங்கியில் பேட்ஜ்.

“சங்கத்துல செத்தவளுக்கு ஒரு சடங்கு உண்டு,” என்றார். “வெள்ளை உடுத்திட்டு வந்து சவப்பெட்டியைச் சுத்தி நின்னு ஆளுக்கொரு பூ போடுவாளுங்க. எனக்கும் வருவாளுங்க.”

“துரத்தி விட்டுடவா?”

“மொத்தமா துரத்தாதே. சொல்றதைக் கேளு. நீ சர்ச் வாசல்ல நிக்கணும்.”

“நான் பாய்லர்காரன். அந்தப் பொம்பளைங்க என் பேச்சையா கேப்பாங்க?”

“குறுக்க நில்லு. உன் உடம்பைத் தாண்டி எவ போவா?” மூச்சு வாங்கியது. அவன் தண்ணீரை நீட்டினான். தள்ளிவிட்டார். “ஒவ்வொருத்தியையும் கேளு. உனக்கு உறுதிமொழி செஞ்சு வெச்சது யாரு, அவளுக்கு யாரு, அதுக்கு முன்னாடி யாருன்னு. ஒவ்வொரு பேரா பின்னாலயே சொல்லிக்கிட்டுப் போயி, கடைசியில ஆர்டிஸ் ஹன்னிகட்டுன்னு என் பேர்ல வந்து நிக்கிறவளை மட்டும் உள்ள விடு. மறுபடி தொடங்கினோம்னு எவளாவது வாயெடுத்தா, பூவைப் பிடுங்கிக்கிட்டுத் திருப்பி அனுப்பு.”