அமைதிக்குப் பொறுப்பான ஆசிரியர்

அந்த ஆசிரியர் கூட்டத்துக்கு நான் போகவில்லை. போகாதவன் தலையில்தான் எதையும் கட்டுவார்கள் என்பது இருபது வருட வாத்தியார் வேலையில் எனக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் அன்றைக்குப் பார்த்து லீவு போட்டேன். மறுநாள் தலைமையாசிரியை கூப்பிட்டு, "சார், நீங்கதான் இனிமே மனநலப் பொறுப்பாசிரியர். பிள்ளைகளுக்கும் ஸ்டாபுக்கும் சேர்த்து" என்றார்.

"மேடம், நானா?" என்றேன். என் குரலைக் கேட்டுப் பக்கத்து வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்றுவிட்டது. அவ்வளவு அமைதியான ஆள் நான்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். கணக்கு வாத்தியாருக்கு அது வரலாம் என்று நானே ஒரு சலுகை கொடுத்து வைத்திருந்தேன். மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். டீ, மிக்சர், மூச்சை இழு, மூச்சை விடு. கடைசி நாள் சர்டிபிகேட் கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டே ஓட்டப்பிடாரம் பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி சர்டிபிகேட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "இது யாரோடது? மாத்தி எடுத்துட்டு வந்துட்டீயளா?" என்றாள்.

நான் கரிசல் காட்டுக்காரன். எங்களுக்குக் கடல் என்றால் வருடத்துக்கு ஒருமுறை திருச்செந்தூர் போய்க் கால் நனைப்பது, சிப்பி பொறுக்குவது, மணல் ஒட்டிய காலோடு பஸ் ஏறுவது. வேலை பார்ப்பதோ ஆலந்தலைக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில். முக்கால்வாசிப் பிள்ளைகளின் அப்பாமார் கடலுக்குப் போகிறவர்கள். அது எனக்குத் தெரியும், சேர்க்கைப் பதிவேட்டில் பெற்றோர் தொழில் என்ற கட்டத்தில் நானே 'மீன்பிடி' என்று எழுதியிருக்கிறேன். தெரிந்தது அவ்வளவுதான்.

பயிற்சியில் ஒரு கையேடு கொடுத்திருந்தார்கள். வாரம் ஒரு பாடவேளை பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, கடற்கரையை நினைக்கச் சொல்ல வேண்டும். பின்னணியில் அலைச்சத்தம் ஓட வேண்டும். நடத்தியதற்கு அத்தாட்சியாக ஜிபிஎஸ் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். நான் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கினேன். முதல் வாரமே ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தன், "சார், இது பாறையில அடிக்கிற அலை. நம்மூர்ல இப்படிக் கேக்காது" என்றான். "மூச்சை மட்டும் கவனி" என்றேன். அவன் சொன்னதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. வெளியே நிஜக் கடல் இரைகிற இரைச்சலில் என் ஸ்பீக்கர் கேட்கவே இல்லை. அதனால் கடல் பக்கத்து ஜன்னல்களை எல்லாம் சாத்தச் சொன்னேன். கடலை வெளியே தள்ளிக் கதவடைத்துவிட்டு, ஸ்பீக்கரில் கடலைப் போட்ட ஒரே வாத்தியார் இந்தத் தென்மாவட்டத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

ஸ்டாப் ரூமிலும் சாப்பாட்டுக்குப் பிறகு நடத்திப் பார்த்தேன். வரலாறு சார் இரண்டாவது மூச்சிலேயே குறட்டை விட்டார். அதைத்தான் வெற்றி என்று அறிக்கையில் எழுதினேன்.

மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. முந்தின நாள் விடியுமுன் கடலுக்குப் போன ஒரு வள்ளம் மத்தியானமே திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை. அதில் போனது இரண்டு பேர், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அப்பாவும் சித்தப்பாவும். ராத்திரியெல்லாம் காற்று வேறு. விடிந்ததும் நாலைந்து வள்ளங்கள் தேடிப் போயிருந்தன. வீட்டில் இருந்தால் அழுதுகொண்டே இருப்பாள் என்று அம்மாதான் அவளைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறாள். இது ஊருக்கே தெரியும். வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் தெரியும். டவுனிலிருந்து ஒன்பதேகால் பஸ்ஸில் வந்து இறங்குகிற எனக்கு மட்டும்தான் தெரியாது.

மூன்றாம் பாடவேளை உள்ளே போனேன். வகுப்பு அவ்வளவு அமைதி. சத்தியமாகச் சொல்கிறேன், பயிற்சி வேலை செய்கிறது என்று பூரித்துப் போனேன். ஜன்னலைச் சாத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, கையேட்டைத் திறந்து வாசித்தேன்.

"கண்களை மூடுங்கள். நீங்கள் ஒரு படகில் இருக்கிறீர்கள். அலைகள் உங்களைத் தாலாட்டுகின்றன. கரை கண்ணுக்குத் தெரியவில்லை. உங்களைச் சுற்றி யாருமே இல்லை..."

இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கூசுகிறது. அட பாவி, வாசிக்கிற வாயாவது ஒரு நிமிடம் யோசித்திருக்கக் கூடாதா?

தலை நிமிர்ந்தபோது அந்தப் பிள்ளை மட்டும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணை மூடு."

"மூட மாட்டேன் சார்."

பக்கத்திலிருந்தவள், "சார், அவ அப்பா..." என்று ஆரம்பித்தாள். "பேசாத! மூச்சை மட்டும் கவனி!" என்று கத்தினேன். பிறகு இவளிடம், "எல்லாரும் அமைதியா இருக்காங்க, உனக்கு மட்டும் என்ன? கண்ணை மூடு, இல்லைன்னா வெளிய போ!" என்றேன். அமைதி, அமைதி என்று மேசையில் தட்டினேன். ஸ்பீக்கர் குதித்தது.

அவள் எழுந்து வெளியே போய் மாடி வராந்தாவில் நின்றாள். நான் மீதியை வாசித்தேன்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். படியில் யாரோ தடதடவென்று ஓடுகிற சத்தம். வெளியே வந்தால் அவளைக் காணோம். கேட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள். "ஏ பிள்ள! யாரைக் கேட்டுப் போற?" என்று மாடியிலிருந்து கூப்பாடு போட்டேன். அடுத்த வகுப்பிலிருந்து அறிவியல் டீச்சர் ஓடி வந்தார். அவர் அந்த ஊர்க்காரர். கடலைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"சார், சும்மா இருங்க. வள்ளம் தெரியுது. அவ அப்பா வள்ளம்தான், இன்னொரு வள்ளம் கட்டி இழுத்துட்டு வருது."

"என்ன வள்ளம்?"

"உங்களுக்குத் தெரியாதா?" என்று அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் என் வகுப்பு முழுக்க வராந்தாவுக்கு வந்துவிட்டது. வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இரண்டு வள்ளங்கள் முன்னும் பின்னுமாக ஆடி ஆடி வந்தன. பின்னால் வருவதில் ஆள் இருக்கிறதா, ஒருவரா, இரண்டு பேரா, தெரியவில்லை. உள்ளே மேசையில் என் ஸ்பீக்கரில் மட்டும் அலை பாறையில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு பையன் போய் அதை அணைத்துவிட்டு வந்தான். நான் அவனைக் கோபிக்கவில்லை.

கால் மணி நேரம் இருக்கும். கேட்டுக்கு வெளியே நின்ற சத்துணவு அக்கா கரைப் பக்கம் யாரிடமோ, "ஏளா, ரெண்டு பேருமா?" என்று கேட்பது காதில் விழுந்தது. பிறகு அவர் மாடியைப் பார்த்துக் கையை ஆட்டினார். "ரெண்டு பேரும் இருக்காவ! ஒண்ணும் இல்ல, இஞ்சின் நின்னு போச்சாம்!"

பிள்ளைகள் போட்ட சத்தத்தில் தலைமையாசிரியை கீழேயிருந்து ஓடி வந்தார். நான் ஸ்டாப் ரூம் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். மனநலப் பொறுப்பாசிரியருக்கு அழ வேறு இடம் கிடைக்கவில்லை.

அந்தப் பிள்ளை திங்கட்கிழமைதான் வந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். மாடிப்படியில் எதிரே வந்தாள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் சார்."

"அப்பா சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாவ சார்."

அதற்கு மேல் யாரைச் சாப்பிட்டாரா என்று கேட்பது? சித்தப்பாவையும் கேட்டேன். அவரும் சாப்பிட்டிருந்தார்.

"தேங்க்ஸ் சார்" என்றாள்.

"எதுக்கும்மா?"

"அன்னைக்கு வெளிய அனுப்புனீயல்லா. உள்ள ஜன்னல் எல்லாம் சாத்திக் கிடந்துச்சு. வெளிய நின்னதால நாந்தான் முதல்ல பாத்தேன். எங்கம்மாட்ட நாந்தான் ஓடிப் போய்ச் சொன்னேன்."

உள்ளதைச் சொன்னால், அந்த நன்றியை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ள எனக்கு ஆசை வந்தது. ஒரு நிமிடம் வைத்தும் இருந்தேன். பிறகுதான், "இல்லம்மா. நான் உனக்காக அனுப்பல. கோபத்துலதான் அனுப்பினேன். தப்பு என் மேலதான்" என்றேன்.

"தெரியும் சார்" என்றாள். "கண்ணை மூடலைன்னா வெளிய போன்னு சொல்லுவீயன்னு தெரிஞ்சுதான் தொறந்து வச்சிருந்தேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே? கடலைப் பாக்கணும் சார்னு ஒரு வார்த்தை?"

"கேட்டா விட மாட்டீய சார்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். மணி அடித்தது, ஓடிவிட்டாள். கேட்டிருந்தால் விட்டிருப்பேனா என்று படியிலேயே நின்று யோசித்துப் பார்த்தேன். விட்டிருக்க மாட்டேன்.