கேட்காமல் மாற்றிய நிப்பு

பேனா விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் உண்டு. அதை மறைக்கிற வழக்கமும் இல்லை. மலாயாவில், ஜோகூரின் ரெங்கம் ரயில் நிலையத்துக்கு எதிர்வரிசையில், ஒரு சீனரின் மளிகைக் கடை முன்னால் இருந்த அஞ்சடி நடைபாதையில் ஒரு மேசை, ஒரு முக்காலி, ஒரு பூதக்கண்ணாடி. அவ்வளவுதான் என் கடை. கடிகாரமும் மூக்குக்கண்ணாடியும் பழுது பார்ப்பேன். ஆனால் பேனா வந்துவிட்டால் மற்றதெல்லாம் ஓரத்துக்குப் போய்விடும். சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்களில் கணக்கெழுதும் கிராணிகளில், சட்டைப்பையில் பவுண்டன் பேனா குத்தியிருந்தவர்களில், என் மேசைக்கு எதிரே ஒரு நாளாவது நிற்காதவர் கிடையாது. நின்றவர் எவரும் எழுதாத பேனாவோடு திரும்பிப் போனதும் கிடையாது.

பழுது பார்ப்பது பெரிய வித்தையல்ல. உதிரி பாகம் கிடைப்பதுதான் வித்தை. எனக்கு வந்ததெல்லாம் பழைய பேனாக்கள். சீமையிலிருந்து துரைமார் கொண்டுவந்து, பத்துப் பதினைந்து வருஷம் எழுதித் தீர்த்து, ஊருக்குப் போகும்போது தங்களிடம் வேலை பார்த்த கிராணிகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனவை. அவற்றுக்கு நிப்பு வேண்டும், மூடி வேண்டும் என்று சிங்கப்பூர்க் கடைகளில் கேட்டால், புதுப் பேனா வாங்கிக்கொள் என்று வாசலைக் காட்டுவார்கள். அதனால் நான் கடைகளுக்குப் போவதை விட்டுவிட்டேன். மாதம் ஒரு முறை ரயிலேறி, சிங்கப்பூரில் பழைய சாமான் விற்கும் தெருவில் சாக்கின்மேல் கொட்டிவைத்திருக்கும் குவியலைக் கிளறி, செத்த பேனாக்களைப் பொறுக்கிக்கொண்டு வருவேன். ஒன்றின் கழுத்து, இன்னொன்றின் மூடி, மூன்றாவதன் நிப்பு. எல்லாவற்றையும் வகை பிரித்து சிகரெட் டின்களில் போட்டு வைப்பேன். மூன்று செத்த பேனா இருந்தால் ஒரு பேனாவைப் பிழைக்க வைத்துவிடுவேன்.

என்னைத் திணற அடித்த ஒரே பாகம், பேனாவுக்குள் மை தங்கும் ரப்பர் பை. இந்த வெயிலுக்கு அது இரண்டு வருஷத்தில் நைந்துபோகும். நாலு பக்கமும் ரப்பர் மரம் நிற்கிற ஊரில் இருந்துகொண்டு ஒரு சுண்டுவிரல் நீள ரப்பர் பைக்கு நான் அலைந்தேன் என்றால் யாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு, சொந்தமாகச் செய்வதென்று இறங்கினேன். பால்மரத்துப் பாலைக் கொஞ்சம் வாங்கி, கண்ணாடிக் குச்சியை அதில் முக்கி முக்கிக் காயவைத்து உரித்தேன். அத்தனை அழகாக வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸரின் பேனாவில் அதைப் பொருத்தியும் கொடுத்தேன். எட்டாம் நாள் அந்த மனிதர் தன் வெள்ளைக் கோட்டில் நெஞ்சளவு நீல மையோடு என் முன்னால் வந்து நின்றார். பச்சைப் பாலில் செய்த பை சூட்டுக்கு இளகிப் பிசினாகிவிட்டது.

"நோயாளிங்க எல்லாம் என்னைப் பாத்து, உங்களுக்கு என்னங்க ஆச்சுன்னு கேக்கறாங்கய்யா" என்றார்.

அந்த மூக்குடைப்புக்குப் பிறகு சைக்கிள் கடைக்குப் போனேன். டயரில் காற்று அடிக்கும் வால்வில் மாட்டுவார்களே, மெல்லிய ரப்பர் குழாய், அதில் ஒரு துண்டு வாங்கி, ஒரு முனையை நூலால் கட்டி அரக்கு வைத்து அடைத்தேன். மை கொஞ்சமாகத்தான் பிடிக்கும். ஆனால் ஒரு சொட்டு ஒழுகாது. அன்றிலிருந்து பேனாவில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நடந்துகொண்டேன்.

தொழிலில் எனக்கு ஒரு வழக்கம். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன். அது என் டின்னுக்குள் விழுந்துவிடும். யாரும் கேட்பதும் இல்லை. கேட்டு என்ன செய்யப்போகிறார்கள்? எனக்குத்தான் அது நாளைக்கு இன்னொரு பேனாவின் உயிர். பழுது பார்க்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

இந்த வழக்கத்தால் ஒரு குடும்பம் பிரியப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஜோகூர்ப் பாலத்தின்மேல் ரயில் ஓடத் தொடங்கி சில வருஷம் ஆகியிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் ஸ்டோர் சாவி வைத்திருந்த கிராணி ஒருவர் என்னிடம் வந்தார். ஆறு வருஷத்துக்கு முன் மனைவியை மாசமாக ஊரில் விட்டுவிட்டுக் கப்பலேறியவர். மகள் பிறந்ததைக் கடிதத்தில்தான் அறிந்தார். மலேரியா இரண்டு தடவை அவரைப் புரட்டிப் போட்டதில் கன்னம் ஒட்டி, முடி கொட்டி, முப்பது வயதில் ஐம்பது தெரிந்தது. அப்படியும் மாதம் தவறாமல் வீட்டுக்குக் கடிதம் எழுதிவிடுவார். அன்று அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"துரை எனக்குத் தனி வீடு குடுத்துட்டாரு. கங்காணி ஊருக்கு ஆள் கூட்டிட்டு வரப் போறாரு. அவரோடயே கிளம்பி வந்துடுன்னு வீட்டுக்கு எழுதணும். பேனா ஒழுகுதுங்க, ரப்பர் பைய மட்டும் மாத்திக் குடுத்துடுங்க" என்றார். கங்காணியிடம் கொடுத்தனுப்ப ஒரு போட்டோவும் எடுத்து வைத்திருந்தார்.

பை மாற்றுவது கால் மணி வேலை. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது நிப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது. அவர் பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதுகிறவர். ஐயோ பாவம், மனைவி வருகிற சந்தோஷத்தில் இருக்கிறார், நல்லதாக ஒன்று போட்டுக் கொடுப்போம் என்று, அவரைக் கேட்காமலே, டின்னிலிருந்து ஊசிபோல் கூர்மையான தங்க நிப்பை எடுத்துப் பொருத்தினேன். எழுதிப் பார்த்தவர் அசந்துவிட்டார். "நம்ம எழுத்தா இது? துரை எழுத்து மாதிரி இருக்கே!" என்றார். எனக்கும் பெருமை பிடிபடவில்லை.

நாலு மாதம் கழித்துக் கங்காணி ஆட்களோடு வந்து இறங்கினார். கிராணியின் மனைவி வரவில்லை. அவள் எழுதச் சொல்லித் தபால்காரர் எழுதிய ஒரு கடிதம் மட்டும் வந்தது. கிராணி அதைக் கொண்டுவந்து என் மேசைமேல் போட்டார். எடுத்துப் படித்தேன்.

'எனக்கு இந்தக் கடிதத்தை எழுதியவர் யாராயிருந்தாலும் உங்களுக்குக் கோடிப் புண்ணியம். என் வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு என்று உண்மையைச் சொல்லுங்கள். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் எழுத்தைப் பார்த்தால் தெரியும். அது தடித்து, ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருக்கும். ஆறு வருஷமாய்ப் பெட்டியில் வைத்து எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். இப்போது வந்திருப்பது ஊசி ஊசியாய் நிற்கிறது. போட்டோவில் இருப்பவர் யாரோ. பொய்க் கடிதம் காட்டிப் பெண்களைக் கப்பலேற்றுகிறார்கள் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். நான் வர மாட்டேன். அவர் இருக்கிறாரா இல்லையா, அதை மட்டும் எழுதுங்கள். நான் பொட்டு வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.'

கடிதத்தை மடித்து அவரிடம் நீட்டினேன்.

"நான் கேட்டது ரப்பர் பை. நிப்ப யாருய்யா மாத்தச் சொன்னா?" என்று கிராணி கத்தினார். கத்திவிட்டு முக்காலியில் உட்கார்ந்து அழுதார். மளிகைக் கடைச் சீனர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் எத்தனையோ பேரிடம் வாயடித்தவன். அன்று குனிந்து டின்னைக் கிளறத் தொடங்கினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

முதலில் சுலபமான வழியைத்தான் பார்த்தோம். என்னிடமிருந்த தடித்த நிப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாக மாட்டினேன். அவர் எழுதினார். தன் பழைய எழுத்தைத் தானே பார்த்து எழுதுகிறவரைப்போல நாக்கைக் கடித்துக்கொண்டு சாய்த்துச் சாய்த்து எழுதினார். சொந்தக் கையெழுத்துக்கே கள்ளக் கையெழுத்துப் போடும் மனிதரை அன்றுதான் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. "இதப் பாத்தா இன்னும் பயந்துடுவா" என்று காகிதத்தைக் கசக்கினார்.

அந்தப் பழைய நிப்பு வேண்டும். வேறு வழியில்லை. அது என் டின்னில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதைப் போட்டு ஒரு பேனாவை உருவாக்கி, கடலோரத்துப் பொந்தியானிலிருந்து வந்த மலாய்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவருக்கு விற்றிருந்தேன்.

"மூணு நாள்ல உங்க நிப்பு உங்க கையில இருக்கும்" என்றேன் கிராணியிடம். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அப்படித்தான் எனக்குச் சொல்ல வரும்.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு ரயிலில் ஜோகூர் பாரு, அங்கிருந்து மோட்டார் பஸ்ஸில் பொந்தியான். சாலையெல்லாம் பள்ளம். அன்னாசித் தோட்டங்களைத் தாண்டிப் போய்ச் சேரும்போது இடுப்பு கழன்றுவிட்டது. பள்ளிக்கூடம் கடலைப் பார்த்து இருந்தது. ஆசிரியரை எல்லாரும் 'சிக்கு', அதாவது வாத்தியார், என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்த பாசார் மலாயில், கடைத்தெருப் பேச்சில், விஷயத்தைச் சொல்லி, அந்த நிப்பைத் திருப்பித் தரவேண்டும், பதிலுக்கு என் டின்னில் இருப்பதில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

அவர் ஒரு காகிதத்தை இழுத்துப் போட்டு வலமிருந்து இடமாக, அரபு எழுத்தைப் போன்ற ஜாவியில் ஒரு வரி எழுதிக் காட்டினார். அந்தச் சாய்ந்து தேய்ந்த நிப்பு, அவர்கள் சாய்வாகச் சீவி எழுதும் நாணல் பேனாவைப் போலவே ஓடியது. தடிப்பும் மெலிவும் மாறி மாறி வந்தது பார்க்க அவ்வளவு அழகு. இதற்காகத்தான் இந்தப் பேனாவை வாங்கினேன், இப்படி ஒன்று இனி எனக்கு எங்கே கிடைக்கும் என்று மலாயில் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கும் நியாயமாகவே பட்டது.

டின்னைக் கொட்டிக் காட்டினேன். ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அப்புறம் என் சட்டைப்பையைப் பார்த்தார். அங்கே என் பேனா இருந்தது. பதினொரு செத்த பேனாக்களிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்து எனக்கென்று நான் கட்டியது. அதன் நிப்பு, அழுத்தினால் பூவிதழ் மாதிரி விரியும், விட்டால் மயிரிழையாகக் கூடும். வருகிறவர்களிடமெல்லாம் எழுதிக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்வேனே, அதுதான். யாருக்கும் எழுதக் கொடுத்ததில்லை. அவருக்குக் கொடுத்தேன். ஒரு வரி எழுதினார். தலையை ஆட்டினார்.

அங்கேயே இரண்டு நிப்பையும் கழற்றி மாற்றினேன். எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். கிளம்பும்போது அவர் எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து, அந்தப் பெண் வந்தால் எனக்குச் சொல்லியனுப்பு என்றார்.

மூன்றாம் நாள் கிராணியின் பேனாவில் பழைய நிப்பு ஏறியது. நாலு மாதம் வேறொரு கை, அதுவும் எதிர்த் திசையில் எழுதிய நிப்பு. பழையபடி வருமோ வராதோ என்று பயந்தேன். மை நிரப்பிக் கொடுத்தேன். அவர் கிறுக்கிக்கூடப் பார்க்கவில்லை, நேராகக் காகிதத்தில் வைத்து மனைவியின் பெயரை எழுதினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "இது நான்தான்" என்றார்.

கடிதம் போயிற்று. கப்பல் போய்ச் சேர்ந்து, பதில் கப்பலேறி வரவேண்டும். அந்த நாட்களில் கிராணி தினமும் சாயங்காலம் என் கடைக்கு வந்து உட்கார்ந்திருப்பார்.  என் பேனாவில் நிப்பு இல்லாததால், நான் கட்டைப் பேனாவை மையில் தோய்த்து எழுதிக்கொண்டிருப்பேன். கடைசியில் ஒரு நாள் பதில் வந்தது. வேறு தோட்டத்துக்கு வருகிற ஒரு குடும்பத்தோடு கிளம்புகிறாளாம். எந்தக் கப்பல் என்பதற்கு மேல் அதில் ஒரு சொல் இல்லை.

சிங்கப்பூரிலிருந்து ரயில் வந்து நின்றபோது நான் கிராணியோடு பிளாட்பாரத்தில் இருந்தேன். மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். ஒரு கையில் தகரப்பெட்டி, மறு கையில் ஒரு சிறுமி. நெற்றியில் பொட்டு இருந்தது. கிராணி நாலு அடி ஓடினார். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள். ஒட்டிய கன்னத்தையும் வழுக்கையையும் மேலும் கீழுமாகப் பார்த்தாள். ஆறு வருஷத்துக்கு முன் கப்பலேறிய ஆளை அந்த முகத்தில் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. மகளை இழுத்துத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நான்தாம்மா. என்னைத் தெரியலையா?" என்றார் அவர். 

அவள் பெட்டியைக் கீழே வைத்துத் திறந்தாள். உள்ளே கடிதக் கட்டு. மேலாக இருந்த ஒன்றை எடுத்து, எழுதாத பின்பக்கத்தை நீட்டினாள்.

"கோவிச்சுக்காதீங்க. ஒரு வரி எழுதிக் காட்டுங்க" என்றாள்.

எழுத மேசை இல்லை. நான் திரும்பி, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தேன். கிராணி அந்தக் காகிதத்தை என் முதுகில் வைத்து எழுதினார். நிப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து அழுத்தியது சட்டைக்கு மேலே எனக்குத் தெரிந்தது. கடவுளே, ஒழுகாமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

நான் நிமிர்ந்தபோது அவள் காகிதத்தை வாங்கியிருந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. மை காயும் வரை அதைப் பார்த்தாள். பிறகு முந்தானையை விலக்கி, மகளை முன்னால் தள்ளினாள்.

"போடி, அப்பாதான்" என்றாள்.