செல்வம் மாமா வாங்கிய சப்பாத்துகள்

1. இன்று எஸ்பியர்க் நகரக் கடையொன்றில் புதுப் பனிச்சப்பாத்தின் ரப்பர் மணம் வந்தது.
2. செல்வம் மாமா நினைவுக்கு வந்தார்.
3. ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தேன்.

இந்தக் குளிர்நாட்டு ஊருக்கு முதலில் வந்த தமிழர் அவர். பின்னால் வந்த எங்களையெல்லாம் ஸ்டேசனில் நின்று கூட்டிப்போனார். மானிப்பாயில் விட்டுவந்த மனைவியையும் மகளையும் இங்கே அழைக்க விண்ணப்பித்திருந்தார். அந்த வருடங்களில் தமிழரின் குடும்ப விண்ணப்பங்கள் கிடப்பில் கிடந்தன. ஒவ்வொரு குளிருக்கும் மகளுக்குச் சப்பாத்து வாங்கிவைப்பார். அவள் அங்கேயே வளர, அவை எனக்கு வந்தன.

"நீ போடு பிள்ளை. அவளுக்கு இனி அளவில்லை."

ஒருநாள் மாரடைப்பில் இறந்துபோனார். தகனசாலையில் அம்மா அழுதார்.

"எங்களைக் கூட்டியந்த மனுசனுக்குக் கொள்ளி வைக்க அவரின்ர ஆக்கள் ஒருத்தரும் இல்லையே."

"மெல்லக் கதையும். மனுசனுக்குக் கேக்கும்," என்றார் அப்பா.

அழைத்தவர் இறந்ததால் விண்ணப்பம் மூடப்பட்டது. மாமியும் மகளும் இன்றும் மானிப்பாயில் இருக்கிறார்கள்.