லாரி டியூபில் மிதந்தபடி கேட்ட இருமல்

2008 தை மாதம், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கொல்லிமலை போனோம். சுற்றிப் பார்க்க அல்ல. என் சகலை செல்வராசு நீந்துவதற்காக. அவர் நீந்துவதை நான் பார்ப்பதற்காக. இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் நாமக்கல்லில் லாரி டயர் கடை வைத்திருக்கிறேன். செல்வராசு என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், கோழிப்பண்ணைக்காரர், என்னைவிட ஐந்து வயது இளையவர். இருவருமே கிணற்றில் நீந்தப் பழகியவர்கள். அவர் கல்யாணமான புதிதில் மாமனார் தோட்டத்துக் கிணற்றில் ஒரு போட்டி வைத்தோம். அவர் ஜெயித்தார். மாமியார் அவர் தலையைத் துவட்டத் துண்டு கொடுத்தார், எனக்குக் கொடுக்கவில்லை. அது முதல் இந்த மனிதர் எதைச் செய்தாலும் எனக்கு வயிறு எரியும்.

ராமேஸ்வரம் பக்கம் கடலில் ஐந்து கிலோமீட்டர் நீந்த வேண்டும் என்ற யோசனை என்னுடையது. இதைப் படிப்பவர்கள் குறித்துக்கொள்ளவும், என்னுடையது. கொல்லிமலை ஏரியின் குளிரில் பழகிவிட்டால் கடல் சுலபமாக இருக்கும் என்பதும் என் யோசனைதான். வெதுவெதுப்பான கடலுக்காக மலையில் போய்ப் பல் கிட்டிக்க நடுங்கிய அறிவாளிகள் நாங்கள்.

முந்தைய ஆண்டு அதே ஏரியில் நீந்தியபோது எனக்கு இருமல் வந்தது. செல்வராசு முன்னால் போய்க்கொண்டிருந்ததால் நான் நிற்கவில்லை. கரையேறித் துப்பியபோது எச்சில் இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தது. மூச்சு பாதிக்கு மேல் இழுக்க முடியவில்லை. ஏரித் தண்ணீரைக் குடித்துவிட்டேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நாமக்கல்லில் இதய மருத்துவர் சிரித்தார்.

“நீங்க ஏரித் தண்ணியக் குடிக்கலீங்க. இது உங்க ரத்தத்துல இருந்தே நுரையீரலுக்குள்ள கசிஞ்ச தண்ணி” என்றார்.

குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் கைகால் ரத்தக் குழாய்கள் சுருங்கும். சுற்றியுள்ள தண்ணீரும் உடம்பை அழுத்தும். ரத்தமெல்லாம் நெஞ்சுக்குள் வந்து கூடும். அந்த நேரம் பார்த்து வேகமாகக் கை வீசினால் இதயத்துக்கு இரட்டைப் பளு. அழுத்தம் பின்பக்கமாக நுரையீரலுக்கு ஏறி, நுண்ணிய குழாய்களிலிருந்து நீர் கசியும். அவர் எனக்குச் சொன்னது இவ்வளவுதான். எக்கோ எடுத்துப் பார்த்ததில் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தத்தால் என் இதயச் சுவர் கொஞ்சம் தடித்திருந்தது. இனிக் குளிர்ந்த தண்ணீரில் நீச்சல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் கடல் அப்படியே செல்வராசுவிடம் போனது.

இனிப் பயணம். நாமக்கல்லில் காலை ஐந்து மணி பஸ்ஸில் ஏறி, சேந்தமங்கலம் வழியாகக் காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கினோம். முக்கால் மணி நேரம் ஆனது. அங்கே ஜமால் பாய் ஜீப்போடு காத்திருந்தார். மலையிலிருந்து மிளகும் வாழைத்தாரும் இறக்கி விற்பவர், என்னிடம்தான் டயர் வாங்குவார். ஒரு நாள் வாடகை டீசலோடு தொள்ளாயிரம் ரூபாய். பஸ்ஸிலேயே மேலே போகலாம், ஆனால் என்னுடைய பெரிய லாரி டியூபை எந்தக் கண்டக்டரும் ஏற்ற மாட்டார். முந்தின நாளே பாய் என் கடையிலிருந்து எடுத்து வந்திருந்த, காற்றடித்த டியூபை ஜீப்பின் தலையில் கட்டினோம்.

காரவள்ளியில் மலை ஏற ஆரம்பித்தது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வயிறு லேசானவர்கள் கீழே எதுவும் சாப்பிடாதீர்கள். செல்வராசு இட்லி சாப்பிட்டுவிட்டு ஒரு பெரிய பாட்டில் தண்ணீரையும் முடித்திருந்தார். முப்பதாவது வளைவுக்குள் இரண்டாவது பாட்டிலும் காலி. அவ்வளவு குடித்தும் அவருக்குக் குமட்டவில்லை. எனக்குக் குமட்டியது.

“நீந்தறதுக்கு முன்னாடி உடம்புல தண்ணி நெறையா இருக்கோணுமுங் சகலை” என்றார்.

“ஏரியே இருக்குது. அதுக்குள்ள எதுக்குங் இன்னொரு ஏரி?” என்றேன்.

பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஏனுங்ணா, அடிவாரத்துல இருந்து அவரையே நோண்டிட்டு வாரீங்க. உட்ருங்க, பாவம்.”

சோளக்காட்டில் பனி இறங்கிக் கடைகளே தெரியவில்லை. டீ குடித்தோம். திரும்பும்போது மிளகு வாங்குபவர்கள் இங்கே வாங்கலாம், விலை படிந்து வரும். செம்மேடு தாண்டி இன்னும் கொஞ்ச தூரத்தில் அந்த ஏரி. பெயரைக் கேட்காதீர்கள். ஊர்க்காரர்கள் எங்களைத் தெரிந்ததால் அனுமதித்தார்கள், நீங்கள் தனியாகப் போய் இறங்குவதை நான் விரும்பவில்லை.

ஒன்பது மணிக்கும் தண்ணீர்மேல் புகையாகப் பனி. விரலை நனைத்தால் எலும்பு வரை குத்தியது. செல்வராசு பையிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் உடுப்பை எடுத்தார். சிங்கப்பூரில் இருக்கும் அவருடைய பெரியப்பா மகன் குளிர்நீச்சலுக்கென்று வாங்கி அனுப்பியது. போன வருடம் நான் டிரவுசரோடு இறங்கிய ஏரியில் இவருக்கு வெளிநாட்டு உடுப்பு! ஆனால் பெரியப்பா மகன் ஒல்லி, அளவும் அவருடையது. முதுகு ஜிப்பை நானும் பாயும் சேர்ந்து இழுத்தோம். பாய் முழங்காலை முட்டுக் கொடுத்த பிறகுதான் ஏறியது.

“இறுக்கமா இருந்தாத்தான் தண்ணி உள்ள வராது” என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பளபளவென்று நல்ல எடுப்பாக வேறு இருந்தார்.

கரையிலிருந்து எதிர்ப்பக்கத்துப் பாறை வரை போய்த் திரும்பினால் ஒரு சுற்று. நான் டியூபின் நடுவில் பலகை போட்டு உட்கார்ந்து, ஒரு மட்டையால் துழாவியபடி பின்னால் போனேன். முதல் சுற்றில் என்னென்னவோ குறை கண்டுபிடிக்கப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. முழங்கை உயர்ந்து, விரல்கள் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போய், இடுப்பு அலுங்காமல் போனார். இரண்டாவது சுற்றும் அப்படியே. கடலில் இவர் இப்படிப் போகும்போது நான் டயர் கடையில் பஞ்சர் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று நினைக்க நினைக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மூன்றாவது சுற்றில், பாறைக்கு அருகே, குறை கிடைத்தது. முகத்தைத் தண்ணீருக்குள் வைக்காமல் தலையைத் தூக்கியே நீந்தினார். நான்கு கை வீச்சுக்கு ஒரு முறை எடுத்த மூச்சை ஒவ்வொரு வீச்சுக்கும் எடுத்தார். சந்தோஷப்படலாம் என்று நினைத்தபோது ஒரு இருமல் கேட்டது.

சின்ன இருமல்தான். பின்னாலேயே இன்னொன்று. அதன் அடியில் ஈர விறகு எரிகிற மாதிரி ஒரு கரகரப்பு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். என் நெஞ்சுக்குள்ளிருந்து வந்து, ஒரு இரவு முழுக்க நான் கேட்ட சத்தம். மட்டையை ஆட்டிக் கத்தினேன்.

“சகலை, நில்லுங்! டியூபப் புடிங்!”

“ஒண்ணுமில்லீங். தண்ணி பொரையேறிருச்சு.”

“அது பொரை இல்லீங்க, எனக்கு வந்ததுதானுங் அது. வெளிய வாங்!”

அவர் திரும்பிப் பார்த்தார். உதடு நீலமாக இருந்தது. அந்த நிலையிலும் ஒரு சிரிப்பு.

“உங்களுக்கு வந்தா எல்லாத்துக்கும் வரோணுமா? வவுத்தெரிச்சல்ல கத்தாதீங் சகலை.”

காற்றில்லாமல் ஏரி அமைதியாக இருந்ததால் நாங்கள் பேசுவது கரை வரை கேட்டிருக்கிறது. அங்கிருந்து பாயும் குரல் கொடுத்தார். “உடுங்ணா, மனுசன் நீந்தட்டும்!”

இவர்களைக் குறை சொல்ல முடியாது. எத்தனையோ வருடமாக நான் வேறு எதைத்தான் கத்தியிருக்கிறேன்? மூன்றாவது சுற்றை முடிக்க அவர் பாறையைத் தொட்டுத் திரும்பினார். கரைக்கு நல்ல தூரம் இருந்தது. துரத்திப் பிடிக்கலாம் என்றால் மட்டையால் துழாவும் லாரி டியூப் வட்டமடிக்குமே தவிர நேராகப் போகாது. நான் தண்ணீரில் குதித்தால் இருமுகிறவர்கள் இரண்டு பேராகிவிடுவோம். என்னிடம் அவருக்குப் பிடித்த ஒரே ஒரு பொருள் இருந்தது. அதைக் கொடுத்தேன்.

“நீங்கதானுங் பெரிய நீச்சல்காரரு!” என்று கத்தினேன். “என்னைய விட நீங்கதான் நல்லா நீந்தறீங்க. மாமனார் ஊட்டுக் கெணத்துல இருந்தே நீங்கதான். ஒத்துக்கறனுங் சகலை!”

அவருடைய கை பாதியில் நின்றது. கரையில் பாயின் சிரிப்பும் நின்றது. செல்வராசு என்னையே பார்த்தார். பிறகு நாய் நீந்துவது போல மெதுவாக வந்து டியூபைக் கட்டிக்கொண்டார். இருமித் துப்பினார். கறுப்பு ரப்பர்மேல் இளஞ்சிவப்பு நுரை.

அந்த முதுகு ஜிப்பை இறக்குவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. நெஞ்சு விடுபட்டதும் கொஞ்சம் மூச்சு வாங்கினார். அவர் காலடித்து உதவ முடியாததால் நான் வட்டமடித்து வட்டமடித்தே டியூபைக் கரைப் பக்கம் கொண்டுவந்தேன், பாய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து அதை இழுத்தார். கரையேறியதும் படுக்க வைத்து வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கலாம் என்றார் பாய். எனக்கும் போன வருடம் அதைத்தான் செய்தார்கள், படுத்ததும் மூச்சு இன்னும் அடைத்தது. அமுக்க வேண்டாம் என்று சொல்லி, நிமிர்த்தி உட்கார வைத்து, உலர்ந்த போர்வை சுற்றி, அப்படியே ஜீப்பில் ஏற்றினோம். மேலே ஒரு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து ஊசி போட்டார்கள். மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு அவர்களே சிலிண்டரோடு ஒரு வண்டியில் நாமக்கல்லுக்கு அனுப்பினார்கள். எழுபது வளைவிலும் நான் அவருக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தேன். இந்த முறை எனக்குக் குமட்டவில்லை.

அதே மருத்துவர், அதே எக்கோ. இதயச் சுவர் சரியான கனம், வால்வுகள் சுத்தம், துடிப்பு அருமை.

“இருவத்தஞ்சு வயசுப் பையன் இதயமுங்க இது” என்று மருத்துவர் திரையை எனக்கே திருப்பிக் காட்டினார். ஒரே ஏரி, ஒரே நோய், ஒரே மாமனார். எனக்குத் தடித்த இதயம், இவருக்கு இளவட்ட இதயம். மறுநாள் காலைக்குள் நுரையீரலும் தெளிந்துவிட்டது. எனக்கு நான்கு நாள் ஆனது.

மலையில் நீந்த ஆசைப்படுபவர்களுக்கு மருத்துவர் சொன்னதைச் சொல்கிறேன். நல்ல இதயம் உள்ளவருக்கும் இது வரலாம். குளிர்ந்த தண்ணீர், நெஞ்சைப் பிடிக்கும் உடுப்பு, இறங்குவதற்கு முன் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பது, இவை சேர்ந்தால் வாய்ப்பு அதிகம். ஒரு முறை வந்தவருக்கு மறுபடியும் வரக்கூடும். ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போங்கள். நீந்தும்போது இருமல் வந்தால் சுற்றை முடிக்க நினைக்காதீர்கள், உடனே வெளியே வந்து நிமிர்ந்து உட்காருங்கள்.

சேர்த்த அன்று இரவு ஆஸ்பத்திரியில் செல்வராசு ஆக்சிஜன் மூடியைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“சகலை, தண்ணில சொன்னத இன்னொருக்கா சொல்லுங்.”

“மூடியப் போடுங் மொதல்ல.”

“நீங்க வெளிய வாங்கன்னு கத்துனப்ப எனக்கு ஒண்ணும் பயமில்லீங். ஒத்துக்கறேன்னு சொன்னீங்க பாருங், அப்பத்தான் நடுங்கிப் போனேன். உங்க வாயில அது வருதுன்னா நான் சாகப்போறேன்னுதானுங்களே அர்த்தம்?”

நான் அதை இன்னொரு முறை சொல்லவில்லை. இனியும் சொல்வதாக இல்லை.

கடைசியாக ஒன்று. ஏரிக்கோ கடலுக்கோ தனியாகப் போகாதீர்கள், கூட ஒரு ஆள் வேண்டும். உங்கள் மேல் பிரியமான நண்பனைக் கூட்டிப் போனால் அவன் கரையில் துண்டை விரித்துத் தூங்கிவிடுவான். வயிறு எரிகிறவனாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள். உங்கள் ஒவ்வொரு கை வீச்சையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பவன் அவன் ஒருவன்தான்.