நாலாவது ஆள்

கொட்வின் இப்போதெல்லாம் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுகிறான். மன்னார்க்காரன், மீன்குழம்பை முழங்கை வரை வழியவிட்டுச் சாப்பிட்டவன். கேட்டால், "கை கழுவ நேரம் கிடைக்காது, அண்ணை. ஒருக்கா ஸ்டியரிங் முழுக்கக் குழம்பு" என்கிறான். இடுப்பில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கறுப்புப் பெட்டி. அது அலறினால் ஐந்து நிமிடத்துக்குள் அவன் தீயணைப்பு நிலையத்தில் நிற்க வேண்டும். அதனால் அவனுடைய சப்பாத்துக்கு நாடா இல்லை. கார் எப்போதும் ரோட்டைப் பார்த்தபடி நிற்கும். குளிக்கும்போதுகூடப் பெட்டி சோப்புக்குப் பக்கத்தில் இருக்கும்.

லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் ஓர் அறையில் நானும் அவனும் ஒன்றாக இருந்தோம். பிறகு அவன் துசியந்தியைக் கட்டி, லண்டனைத் தாண்டி, ரயில் போகாத ஓர் எசெக்ஸ் கிராமத்தில் சின்னக் கடை ஒன்றை எடுத்தான். தமிழ் முகமே இல்லாத இடத்தில் என்ன செய்யப் போகிறான் என்று நாங்கள் இரக்கப்பட்டோம். நான் லண்டனை விடாமல் இல்ஃபோர்டில் தங்கிவிட்டேன். காலையில் ரயில், ஒரு காப்புறுதி அலுவலகம், மாலையில் ரயில். என் வீட்டுச் சுவரை ஒட்டிய வீட்டுக்காரருக்கு இன்றுவரை என் பெயர் எட்வேட் என்று தெரியாது.

அந்த ஊரின் தீயணைப்பு நிலையம் ஒரேயொரு வண்டி நிற்கும் செங்கல் கொட்டகை. முழுநேர ஆள் ஒருவரும் இல்லை. பேக்கரியில் பாண் போடுகிறவர், குதிரைக்கு லாடம் அடிக்கிறவர், வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கும் ஹெலன், இப்படி ஊர்ச்சனம்தான் எல்லாரும். பள்ளிக்கூடத்துச் சமையல்காரி மரியன்தான் அவர்களுக்குத் தலைமை. யார் எந்த நேரம் ஊருக்குள் நிற்பார்கள் என்று முன்கூட்டியே ஃபோனில் பதிந்துவிடுவார்கள். கிழமையில் ஒரு மாலை பயிற்சி. கையில் கிடைக்கும் காசு சிறியது. அதற்காக யாரும் ஓடி வருவதில்லை. நாலு பேர் சேராமல் வண்டி வெளிக்கிடாது: தலைமைக்கு ஒருவர், ஓட்ட ஒருவர், மூச்சுக் கருவி மாட்டி நெருப்புக்குள் போக இருவர். நாலாவது ஆள் வராவிட்டால் அடுத்த பட்டணத்து வண்டி வரும்வரை எரிகிறது எரிந்துகொண்டிருக்கும்.

கடைக்குப் பால் வாங்க வந்த மரியன்தான் அவனைச் சேரச் சொல்லிக் கேட்டாளாம். "எல்லாரும் விடிய லண்டனுக்கு வேலைக்குப் போயிடுவினம். பகலில ஊருக்குள்ள நிக்கிறது நானும் மாடுகளும்தான், அண்ணை. மாட்டைக் கேக்க ஏலாதுதானே" என்றான் கொட்வின்.

அவனோடு அந்த ஊரில் நடப்பது எனக்குப் பிடிப்பதில்லை. வேலிக்கு மேலால் ஒரு தலை நீண்டு "கொட்வின்" என்று கூப்பிடும். ஒரு கிழவி தன் வீட்டுப் புகை எச்சரிப்புக் கருவியைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுவாள். மதுக்கடை வாசலில் நிற்கிறவர்கள் அவனுக்கு வழி விடுவார்கள். நான் பக்கத்தில் அவனுடைய குடையைப் போல நடந்துகொண்டிருப்பேன்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு, லண்டனில் எங்கள் மாதா கோயில் பெருநாள் சாப்பாட்டில் கொஞ்சம் அவனுக்குக் கட்டிக்கொண்டு போனேன். பெருநாளுக்கு அவன் வரவில்லை, வர முடிவதும் இல்லை. சாப்பிடத் தொடங்கி இரண்டு வாய் வைத்திருப்பான், பெட்டி அலறியது. கரண்டி சோற்றிலேயே குத்தி நின்றது. "போட்டு வாறன்" என்று அவன் ஓட, என்ன நினைத்தேனோ, நானும் பின்னால் ஓடி அவன் காரில் ஏறிவிட்டேன். அவன் திரும்பிப் பார்க்காமலே காரை எடுத்தான்.

நிலையத்துக் கதவு திறந்து, வண்டி இரைந்தபடி நின்றது. ஸ்டியரிங்கில் பாண்காரர், பக்கத்தில் மரியன், பின்னால் ஹெலன். மூன்று பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கார் வளைவில் திரும்பியதும் மரியன் சிரிக்கவில்லை, கையசைக்கவில்லை. தன் தலைக்கவசத்தை எடுத்து மாட்டினாள், அவ்வளவுதான். என்னை அப்படி ஒருவரும் ஒருநாளும் எதிர்பார்த்து நின்றதில்லை.

வண்டி போய்விட்டது. அவன் உதறிவிட்ட சப்பாத்து இரண்டும் வெவ்வேறு பக்கமாகக் கிடந்தன. அவற்றைச் சேர்த்து வைத்துவிட்டு நடந்து திரும்பினேன்.

துசியந்தி அவனுடைய சோற்றுக் கோப்பையை மூடி வைத்திருந்தாள். "அந்தப் பெட்டி கத்தினா உடன ஓடுவார். நான் கத்தினா, என்ன எண்டு இருந்த இடத்திலயே கேப்பார்" என்றாள். அக்கா மகளின் கலியாணத்துக்குத் தனியாகப் போனதையும், எல்லாரும் "அவர் எங்க?" என்று கேட்டதையும் சொன்னாள். "ஒரு பொம்பிளையோட திரிஞ்சாலும் போய்ச் சண்டை பிடிக்கலாம். இதோட என்னெண்டு பிடிக்கிறது, அண்ணை?" அவளைச் சமாதானப்படுத்துவது என் கடமை. ஆனால் அவள் திட்டத் திட்ட எனக்கு ஆறுதலாக இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் வந்தான். கழுத்து மடிப்பில் கரி. ஆறிப்போன சோற்றின் முன்னால் இருந்தான்.

"ஆள் தப்பிட்டார். தனிய இருக்கிற கிழவன். குசினியில பிடிச்ச நெருப்பு. மனுசன் பின் அறையில கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில கிடந்தவர்."

"என்னெண்டு கண்டனீ?"

"எங்க காணுறது? புகைக்குள்ள ஒண்டும் தெரியாது, அண்ணை. முன்னுக்குப் போற ஆளின்ர தோளில ஒரு கை. மற்றக் கையால தடவிக்கொண்டு போறது. குதிக்கால் ஒண்டு தட்டுப்பட்டுது."

"முன்னுக்குப் போனது ஆர்?" துசியந்தி கேட்டாள்.

"ஹெலன்."

"முழுக்கத் தோளைப் பிடிச்சுக்கொண்டோ போனனீங்கள்?"

"ஓம். விட்டா ரெண்டு பேரும் துலைஞ்சு போவம்."

அவள் எழுந்து குசினிக்குள் போனாள். குழாயில் தண்ணீர் வேண்டியதைவிட வேகமாக விழுந்தது. அவனுக்கு அது கேட்கவில்லை. இரண்டு கவளம் விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தான்.

"பெருநாளில பாட்டு ஆர் படிச்சது?"

முன்பு அவன்தான் படிப்பான். "ஜெரோசன்" என்றேன். "நல்லாப் படிக்கிறான். சனம் கண்ணைத் துடைச்சுது."

அதில் பாதி பொய். அவன் தலையாட்டினான். மேற்கொண்டு சாப்பிடாமல் மாடிக்குக் குளிக்கப் போனான்.

சிறிது நேரத்தில் வாசல் மணி அடித்தது. துசியந்தியின் கை ஈரம் என்பதால் நான் போய்க் கதவைத் திறந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண். கோட்டின் பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்தன.

"கடைக்காரர்தானே? கொட்வின்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தது நீங்கள் என்று மரியன் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கண் திறந்துவிட்டார். என் பெயரைச் சொன்னார். நான் லண்டனில் இருக்கிறேன், வந்து சேர்வதற்குள்..." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. என் வலக் கையைத் தன் இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மேலே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்னால் துசியந்தி வந்து நின்றது தெரிந்தது. நான் கொட்வின் இல்லை என்று அவளும் சொல்லவில்லை.

சும்மா தொங்கிக்கொண்டிருந்த என் இடக் கையைத் தூக்கி, அந்தப் பெண்ணின் கைகளுக்கு மேல் வைத்தேன்.